தேய்ந்த கட்டிலுக்குத் தெண்டம் தொழிலாளி தலையிலா?

எர்ணாவூரில் ஒரு சந்து. சந்துக்குள் பத்து அறைகள் ஒரே வரிசையில். ஒவ்வொரு அறையிலும் ஒரு இரும்புக் கட்டில், ஒரு பஞ்சு மெத்தை, ஒரு சீலிங் பேன், ஒரு தகர பீரோ. “சாமானோடு ரூம்” என்று பெயர். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டில் காண்டிராக்ட் வேலை பார்க்கும் ஒரு தொழிலாளி 2015இல் தன் மனைவியோடு அங்கே குடிபோனார். கையில் காசில்லாமல் ஊரைவிட்டு வந்தவர். கட்டிலும் பீரோவும் வாங்க வக்கில்லை. அதனால்தான் சாமானோடு ரூம். அட்வான்ஸ் 40,000 ரூபாய். பத்து மாத வாடகை. மனைவியின் கழுத்தில் இருந்ததை அடகு வைத்துக் கட்டினார்.

ஒன்பது வருஷம் அங்கேயே இருந்தார். முதல் நான்கு வருஷம் மாதம் 4,000. பிறகு ஐந்து வருஷம் மாதம் 6,000. ஒரு மாதம் பாக்கி வைத்ததில்லை. 2024இல் பிள்ளையின் படிப்புக்காக வேறு இடம் போகவேண்டி வந்தது. சாவியைக் கொடுத்து அட்வான்ஸைக் கேட்டார். வீட்டுக்காரர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

கட்டில், மெத்தை 11,000. பீரோ 9,000. பேன் 3,000. சுவருக்குப் பெயிண்ட் 8,000. ஆக 31,000. “மிச்சம் ஒன்பதாயிரம் இருக்கு, எண்ணிக்கோ தம்பி.”

“அண்ணே, நான் வரும்போதே கட்டிலுக்கு ஒரு கால் ஆடிச்சே. செங்கல்லு வச்சுத்தானே படுத்தேன்?”

“அதெல்லாம் யாருக்குத் தெரியும்? சாமானை நல்லபடியாக் குடுத்தேன். நல்லபடியாத் திருப்பிக் குடு. இல்லாட்டிப் புதுசு வாங்கி வை.”

அந்தத் தோழர் சங்க ஆபீசுக்கு வந்து அந்தச் சீட்டை மேஜைமேல் வைத்தார். “சட்டம் அப்படித்தானா தோழர்?” என்று கேட்டார். வடசென்னையில் இந்தக் கேள்வியை இவர் ஒருவர் மட்டும் கேட்கவில்லை. ராயபுரத்தில் கேட்கிறார்கள், காசிமேட்டில் கேட்கிறார்கள், மணலியில் கேட்கிறார்கள். ஆகவே பத்திரிகையிலேயே பதில் சொல்லுவோம்.

பதில் இதுதான்: சட்டம் அப்படி இல்லை. நியாயம் அப்படி இல்லவே இல்லை. இது பட்டப்பகல் கொள்ளை.

கணக்கைப் பார்ப்போம்

வீட்டுக்காரர் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. நாமும் ஒரு கணக்குப் போடுவோம். ஆலையில் பீஸ் ரேட் கணக்குப் பார்க்கத் தெரிந்த தொழிலாளிக்கு, களத்துமேட்டில் கூலி நெல்லை மரக்கால் மரக்காலாக எண்ணத் தெரிந்த விவசாயத் தொழிலாளிக்கு இது கஷ்டமான கணக்கல்ல.

நான்கு வருஷம், மாதம் 4,000 வீதம்: 1,92,000 ரூபாய். ஐந்து வருஷம், மாதம் 6,000 வீதம்: 3,60,000 ரூபாய். ஆக இந்தக் குடும்பம் கொடுத்த வாடகை 5,52,000 ரூபாய்.

இது போக, 40,000 ரூபாய் ஒன்பது வருஷம் வட்டியில்லாமல் வீட்டுக்காரர் கையில் புரண்டது. வருஷத்துக்கு நூற்றுக்கு ஆறு வட்டி என்று குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2,400. ஒன்பது ஆண்டுக்கு 21,600. இந்தத் தொழிலாளியோ அதே 40,000க்காக அடகுக் கடையில் வட்டி கட்டினார். கட்டிய வட்டியும் இவருடையது, கிடைக்காத வட்டியும் இவருடையது!

இப்போது சாமானுக்கு வருவோம். கட்டில், மெத்தை, பீரோ, பேன் எல்லாம் சேர்த்து வீட்டுக்காரர் எழுதிய விலை 23,000. இது புதுச் சாமானின் விலை. 2015இல் அறையில் இருந்ததே பழைய சாமான். போகட்டும், புதியது என்றே வைத்துக்கொள்ளுவோம். ஒரு கட்டிலும் பீரோவும் எத்தனை காலம் உழைக்கும்? இதை நாம் சொல்லவேண்டாம். முதலாளிகளின் சட்டமே சொல்லுகிறது. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில், மேஜை நாற்காலி கட்டில் வகையறாவுக்கு ஆயுள் 10 வருஷம் என்று போட்டிருக்கிறது. ஓட்டல், தங்கும் விடுதி போன்ற இடங்களில் உபயோகமாகும் சாமானுக்கு 8 வருஷம்தான். கம்பெனிக்காரன் தன் கணக்குப் புத்தகத்தில் வருஷா வருஷம் தேய்மானம் எழுதிக்கொள்ளுகிறான். அந்த அளவுக்கு லாபம் குறைந்ததாகக் காட்டுகிறான்.

பத்து வருஷ ஆயுளில் ஒன்பது வருஷம் கழிந்துவிட்டது. 23,000 ரூபாய்ச் சாமானில் மிச்சம் இருக்கும் மதிப்பு 2,300 ரூபாய். இந்தக் குடும்பம் வேண்டுமென்றே அந்தச் சாமான்களை ஒன்றுவிடாமல் உடைத்து நொறுக்கியிருந்தால்கூட, நியாயமான நஷ்டம் 2,300 ரூபாயைத் தாண்டாது. உடைக்காமல் படுத்து எழுந்ததற்கு 23,000 தெண்டமா? எட்டு வருஷ ஆயுள் என்று பார்த்தால், அந்தக் கட்டில் கணக்குப் புத்தகத்தில் எப்போதோ செத்துப்போய்விட்டது. செத்த மாட்டுக்குப் புது மாட்டு விலை கேட்கிற கதைதான் இது!

வாடகைக்குள் என்ன இருக்கிறது?

வாடகை என்பது என்ன? வீட்டுக்காரர் ஏதோ தர்மம் செய்கிறார், அதற்கு நாம் காணிக்கை கொடுக்கிறோம் என்று சிலர் நினைக்கிறார்கள். ஏங்கல்ஸ் 1872இலும் 1873இலும் குடியிருப்புப் பிரச்சனை பற்றித் தொடர்ந்து எழுதினார். வாடகையை அவர் பிரித்துக் காட்டினார். கட்டடத்தில் போட்ட பணத்துக்கு வட்டி அதில் இருக்கிறது. பழுது பார்க்கும் செலவு இருக்கிறது. வசூலாகாமல் போகும் பாக்கிக்கு ஈடு இருக்கிறது. கட்டடம் காலப்போக்கில் அழிந்துபோவதால், போட்ட முதலை வருஷா வருஷம் திருப்பி எடுக்கும் தொகையும் இருக்கிறது. இவ்வளவும் வாடகைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அப்படியானால் கட்டில் தேய்ந்தது எப்போது தேய்ந்ததோ, அப்போதே அதற்கான பணம் மாதா மாதம் கட்டியாகிவிட்டது. காலி ரூமுக்கு ஒரு வாடகை, சாமானோடு ரூமுக்குக் கூடுதல் வாடகை. அந்தக் கூடுதல் எதற்கு? சாமானை உபயோகிப்பதற்கு. உபயோகித்தால் தேயும். தேய்மானத்தின் விலைதான் அந்தக் கூடுதல் வாடகை. அதை நூற்றெட்டு மாதம் வாங்கிக்கொண்டு, நூற்றொன்பதாம் மாதம் மறுபடியும் அட்வான்ஸில் பிடிப்பது ஒரே சரக்கை இரண்டு தடவை விற்கும் பித்தலாட்டம்.

கிராமத்துத் தோழர்களுக்கு இன்னும் சுலபமாகப் புரியும். மணிக்கு இவ்வளவு என்று டிராக்டரை வாடகைக்கு எடுத்து உழுகிறோம். உழுதால் டயர் தேயும், கொழு மழுங்கும். வேலை முடிந்ததும் டிராக்டர்காரர், “டயர் தேய்ந்துவிட்டது, புது டயர் வாங்கிக் கொடு” என்று கேட்டால் ஊர் சிரிக்காதா? மணிக் கூலியிலேயே டயர் தேய்மானம் அடங்கியிருக்கிறது என்பது மாடு மேய்க்கும் பையனுக்கும் தெரியும்.

ஆலைத் தொழிலாளிக்கும் தெரியும். ஸ்பிண்டில் தேய்கிறது, பெல்ட் அறுகிறது. யந்திரத்தின் மதிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நூலுக்குள் போகிறது, நூல் விற்கும்போது முதலாளி கைக்குத் திரும்பி வருகிறது. இதை மார்க்ஸ் விளக்கினார். தேய்ந்த ஸ்பிண்டிலுக்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் கைவைத்தால் நாம் விடுவோமா? ஒரு காலத்தில் பம்பாய் ஆலைகளில் பழுதான துணியை நெசவாளி தலையில் கட்டி, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்தார்கள். தொழிலாளி வர்க்கம் போராடிய பிறகுதான் 1936இல் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வந்து, இஷ்டப்படி பிடித்தம் செய்வதற்குக் கடிவாளம் போட்டது. ஆலை வாசலில் நாம் ஒழிக்கப் போராடிய அதே அநியாயம் இப்போது வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

வரி கட்டுகிற சொந்தக்காரருக்கு இன்னொரு சலுகையும் உண்டு. வாடகை வருமானத்தில் முனிசிபல் வரி போக மிச்சத்தில் நூற்றுக்கு 30ஐ வருமானவரிச் சட்டமே கழித்துவிடுகிறது. பழுது பார்த்தாயா, ரசீது எங்கே என்று ஒரு கேள்வி கிடையாது. ஒரு ஆணி அடிக்காவிட்டாலும் முப்பது சதம் கழிவு! சர்க்காரிடம் ஒரு தடவை, வாடகையில் ஒரு தடவை, அட்வான்ஸில் ஒரு தடவை. ஒரு கட்டிலுக்கு மூன்று வசூல்!

சட்டம் என்ன சொல்லுகிறது?

வெள்ளைக்காரன் காலத்துச் சட்டங்கள் பாட்டாளிக்காக எழுதப்பட்டவை அல்ல. ஆனாலும் இந்த விஷயத்தில் அவைகூட வீட்டுக்காரர் பக்கம் பேசவில்லை.

1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தை எடுங்கள். பிறர் சாமானை வாடகைக்கு வைத்திருப்பவர், சாதாரண புத்தியுள்ள மனிதன் தன் சொந்தச் சாமானைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு அதைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்கிறது 151ஆவது பிரிவு. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால், வேறு விதமான விசேஷ ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், சாமான் தேய்ந்தாலும் கெட்டாலும் அவர் பொறுப்பல்ல என்கிறது 152ஆவது பிரிவு. அதற்கு முந்திய 150ஆவது பிரிவு இன்னும் ருசியானது. வாடகைக்குக் கொடுத்த சாமானில் பழுது இருந்து அதனால் நஷ்டம் வந்தால், அந்தப் பழுது தனக்குத் தெரியாது என்று சொந்தக்காரர் தப்ப முடியாது. ஆடுகிற கால் முறிந்து தொழிலாளியின் கை முறிந்திருந்தால், வீட்டுக்காரர்தான் நஷ்டஈடு கொடுக்கவேண்டும்! செங்கல் வைத்துப் படுத்த நம் தோழர் அவருடைய பணத்தைத்தான் காப்பாற்றியிருக்கிறார்.

1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆவது பிரிவைப் பாருங்கள். குடியிருப்பவர் இடத்தை வாங்கிய நிலையிலேயே திருப்பிக் கொடுக்கவேண்டும்; ஆனால் நியாயமான தேய்மானத்தாலும் தடுக்கமுடியாத சக்தியாலும் வந்த மாறுதல்களுக்கு விலக்கு உண்டு. இதை எழுதி நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் வீட்டுக்காரர்கள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். பின்பாதியை எலி தின்றுவிட்டது போலும்!

சென்னையில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1946இல் வந்தது, 1949இல் புதுப்பிக்கப்பட்டது, 1960இல் மறுபடி எழுதப்பட்டது. அந்த 1960ஆம் வருஷத்துச் சட்டம் “கட்டடம்” என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்லும்போதே, வீட்டுக்காரர் கொடுத்த மரச்சாமான் வகையறாவையும் அதற்குள் சேர்த்தது. அதாவது வீடும் சாமானும் ஒன்று. இரண்டுக்கும் ஒரே வாடகை, ஒரே நியாயம். ஒரு மாத வாடகைக்குமேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்றும் அந்தச் சட்டம் சொன்னது. சட்டம் ஒரு மாதம் என்றது. பட்டணம் பத்து மாதம் வாங்கியது. எந்தச் சர்க்காரும் கண்டுகொள்ளவில்லை.

அந்தச் சட்டத்தை ரத்து செய்து அ.தி.மு.க. சர்க்கார் 2017இல் ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அது அமலில் இருக்கிறது. அதில் நமக்கு உதவும் விஷயங்கள் உண்டு. சாதாரணத் தேய்மானம் நீங்கலாக வாங்கிய நிலையில் வைத்திருந்தால் போதும் என்று அதிலும் இருக்கிறது. யார் எதைப் பழுது பார்க்கவேண்டும் என்று ஒரு அட்டவணையும் இருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், ஸ்விட்ச், கதவு அலமாரிப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. வேறு மாதிரி ஒப்பந்தம் எழுதாவிட்டால் இதுதான் சட்டம். ஆகவே நம் தோழரின் சீட்டில் எழுதிய பெயிண்ட் செலவு 8,000 ரூபாய் அடியோடு பொய்க் கணக்கு. வீடு காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பாக்கி இருந்தால் அதை மட்டும் கழித்துக்கொண்டு, அட்வான்ஸைத் திருப்பித் தரவேண்டும் என்றும் சட்டம் சொல்லுகிறது.

ஆனால் ஓட்டையும் அங்கேயே இருக்கிறது. மூன்று மாத வாடகைக்குமேல் அட்வான்ஸ் வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டு, “வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர” என்று ஒரு வாலைச் சேர்த்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தை எழுதுவது யார்? வீட்டுக்காரர். கையெழுத்துப் போடுவது யார்? மழைக்குள் தலைசாய்க்க இடமில்லாத தொழிலாளி. புலியும் ஆடும் மனமொத்து ஒப்பந்தம் செய்துகொண்டால் யார் வயிற்றில் யார் இருப்பார்கள்? அட்டவணையில் அலமாரியின் பூட்டு வருகிறது. கட்டில், மெத்தை, நாற்காலி பற்றி ஒரு வரி இல்லை. சாமானோடு ரூமில் குடியிருக்கும் ஏழைபாழைகள் சர்க்காரின் கண்ணில் படவில்லை.

கடல் செய்ததற்கும் நாமா கட்டுவது?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரத்தில் இரும்பு எத்தனை நாள் தாங்கும்? உப்புக் காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிறது, சைக்கிள் ரிம்மைத் தின்கிறது, கட்டில் காலைத் தின்கிறது. எண்ணெய்க் கப்பலையே அரிக்கும் காற்று தகர பீரோவை விட்டுவைக்குமா? இதில் குடியிருப்பவன் செய்த குற்றம் என்ன? கடலுக்குப் பக்கத்தில் மூச்சு விட்டதா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. எர்ணாவூர் வட்டாரத்தில் வீடுகளுக்குள் கறுப்புத் தண்ணீர் புகுந்தது. சுவரில் எண்ணெய்க் கறை கோடு போட்டது. நம் தோழரின் அறையில் மெத்தை நனைந்து நாறியதும், பீரோவின் அடித்தகடு துருப்பிடித்து உதிர்ந்ததும் அந்த வெள்ளத்தில்தான். ரேஷன் கார்டுக் குடும்பங்களுக்குச் சர்க்கார் 6,000 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. அது தொழிலாளியின் அரிசி பருப்புக்கும் துணிமணிக்குமே பற்றவில்லை. அடுத்த வருஷம் அதே பீரோவுக்கு 9,000 பிடிக்கிறார் வீட்டுக்காரர்! 1882ஆம் வருஷத்துச் சட்டம் சொன்ன தடுக்கமுடியாத சக்தி இதுவல்லாமல் வேறென்ன? நஷ்டஈடு கேட்கவேண்டுமானால் எண்ணெயைக் கலக்கவிட்டவர்களிடம் கேட்கட்டும். அந்த வழக்கில் குடியிருப்போரும் வீட்டுக்காரரும் ஒரே பக்கம் நிற்கலாம். பெரிய ஆலையைக் கேட்கப் பயம். பக்கத்து அறை ஏழையைக் கேட்க வீரம்!

காண்டிராக்டரின் கொட்டகை

இதைவிட மோசமான இடம் ஒன்று உண்டு. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்த தோழர்களைத் தகரக் கொட்டகையில் அடைத்து, இரண்டடுக்கு இரும்புக் கட்டில் போட்டிருக்கிறார்கள். பகல் ஷிப்டுக்காரர் எழுந்ததும் ராத்திரி ஷிப்டுக்காரர் அதே கட்டிலில் படுக்கிறார். இருபத்துநாலு மணி நேரமும் கட்டிலுக்கு ஓய்வில்லை. அது சீக்கிரம் உடைகிறது. உடைந்தால் யார் சம்பளத்தில் பிடித்தம்? கடைசியாகப் படுத்தவர் சம்பளத்தில்!

தோழர்களே, இது தெளிவான சட்டவிரோதம். 1936ஆம் வருஷத்துச் சட்டத்திலும் சரி, அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் வருஷத்துச் சம்பளச் சட்டத் தொகுப்பிலும் சரி, சாமான் சேதத்துக்காகப் பிடித்தம் செய்ய நிபந்தனைகள் உண்டு. அந்தச் சாமான் அவருடைய பாதுகாப்பில் என்று தெளிவாக ஒப்படைக்கப்பட்டிருக்கவேண்டும். அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோதான் சேதம் வந்திருக்கவேண்டும். அவருக்குச் சமாதானம் சொல்லச் சந்தர்ப்பம் கொடுக்கவேண்டும். சேதத்தின் மதிப்புக்குமேல் பிடிக்கக்கூடாது. நாலு பேர் மாறி மாறிப் படுக்கும் கட்டில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? யாரை விசாரித்தார்கள்? மொழி தெரியாத தொழிலாளி என்றால் சட்டமும் தெரியாது என்ற தைரியம்தானே இது? தமிழ்த் தொழிலாளி இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், நாளைக்கு இதே பிடித்தம் அவர் சம்பளச் சீட்டிலும் ஏறும்.

“வீட்டுக்காரனும் ஏழைதானே?”

ஒரு நியாயமான கேள்வி வருகிறது. வடசென்னையில் வீட்டுக்காரர்கள் எல்லோரும் லட்சாதிபதிகளா? ஆலையில் ரிடையரான பணத்தில் மாடியில் ஒரு அறை கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்கும் கிழவர் உண்டு. புருஷனை இழந்து ஒரு போர்ஷன் வாடகையில் பிள்ளைகளை வளர்க்கும் அம்மா உண்டு. உண்மைதான். அவர்களை நாம் எதிரி என்று சொல்லவில்லை. அவர்களும் நம் வர்க்கத்துக்கு நெருங்கியவர்களே. ஆனால் அவர்களுக்கும் இதையே சொல்லுகிறோம்: மாதா மாதம் வரும் வாடகையில் சாமானுக்கென்று நூறோ இருநூறோ எடுத்து வையுங்கள். பத்து வருஷத்தில் புதுக் கட்டில் வந்துவிடும். உங்கள் கஷ்டத்தை உங்களைவிடக் கஷ்டப்படுகிறவன் தலையில் இறக்காதீர்கள்.

குடித்துவிட்டு நாற்காலியைத் தூக்கி அடித்தவனுக்காக நாம் வாதாடவில்லை. பேனைக் கழற்றி விற்றவனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. உடைத்தவன் கொடுக்கட்டும், அதுவும் சாமானின் அன்றைய மதிப்பைக் கொடுக்கட்டும், புதுச் சாமானின் விலையை அல்ல. படுத்ததால் பள்ளமான மெத்தை, உட்கார்ந்ததால் தளர்ந்த நாற்காலி, சுற்றியதால் தேய்ந்த பேன், இவை உபயோகம். உபயோகத்துக்குத்தான் வாடகை.

மற்ற நாடுகளில்

ஜெர்மனியின் சிவில் சட்டத்தில், ஒப்பந்தப்படி உபயோகித்ததால் வரும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்குமேல் கூடாது. அதை வீட்டுக்காரர் தன் பணத்தோடு கலக்காமல் தனியாகப் போட்டுவைக்கவேண்டும், வட்டி குடியிருப்பவருக்கே. இங்கிலாந்தில் 2007 முதல் பெரும்பாலான வாடகை அட்வான்ஸ்களை அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்தாகவேண்டும். இவை சோஷலிஸ்ட் நாடுகள் அல்ல. முதலாளித்துவ நாடுகளே. தொழிலாளர் இயக்கம் நெருக்கிய இடத்தில் முதலாளித்துவமும் விட்டுக்கொடுத்திருக்கிறது.

1915இல் கிளாஸ்கோ நகரத்தில் என்ன நடந்தது? நம்மைப் போலவே கப்பல் தொழிலும் ஆலைத் தொழிலும் உள்ள பட்டணம். யுத்தத்தைச் சாக்காக வைத்து வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். தொழிலாளர் வீட்டுப் பெண்கள் வாடகை கொடுக்க மறுத்தார்கள். ஜப்தி செய்ய வந்தவர்களை விரட்டினார்கள். மேரி பார்பர் என்ற பெண்மணி முன்னணியில் நின்றார். கப்பல் கட்டும் தொழிலாளர் துணைக்கு வந்தார்கள். அந்த வருஷமே பார்லிமெண்ட் வாடகையைக் கட்டுப்படுத்திச் சட்டம் போட்டது.

என்ன செய்யவேண்டும்?

முதலாவது, குடிபோகும் அன்றே சாமான் பட்டியல் எழுதுங்கள். என்ன சாமான், எந்த நிலையில் இருக்கிறது, கால் ஆடுகிறதா, துரு உண்டா, எல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். கைப்போனில் படம் எடுத்து வையுங்கள். காலி செய்யும் அன்றும் அப்படியே செய்யுங்கள்.

இரண்டாவது, வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுத்தால் போன் மூலமோ பாங்க் மூலமோ பணம் அனுப்புங்கள். கைக்குக் கை கொடுத்த பணத்துக்குச் சாட்சி இல்லை.

மூன்றாவது, பழுது வந்தால் அன்றைக்கே எழுத்தில் தெரிவியுங்கள். போன் செய்தியே போதும். “தெரியாது” என்று பிறகு சொல்ல இடம் வைக்கக்கூடாது.

நான்காவது, தேதி போடாத வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துச் சொல்லிவிடுவோம்.

ஐந்தாவது, அட்வான்ஸைத் தர மறுத்தால் தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். கணக்கை எழுதி ஸ்பீடு போஸ்டில் நோட்டீஸ் அனுப்புவோம். பிறகு தெருவில் உள்ள குடியிருப்போர் பத்துப் பேரோடு போய்ப் பேசுவோம். அதற்கும் மசியாவிட்டால் சட்டத்தின் வழியில் வழக்குப் போடுவோம்.

எர்ணாவூர்த் தோழர் விஷயத்தில் நாம் இதைத்தான் செய்தோம். அந்தச் சந்தின் பத்து அறைக்காரர்களில் ஏழு பேர் கூட வந்தார்கள். நாளைக்குத் தங்களுக்கும் இதே சீட்டுத்தான் என்று அவர்களுக்குத் தெரியும். ஒன்பது வருஷ வாடகைக் கணக்கையும் வீட்டுக்காரர் முன்னால் விரித்து வைத்தோம். முதல் நாள் கத்தினார். இரண்டாம் தடவை குரல் இறங்கியது. மூன்றாம் தடவை பெயிண்டையும் பேனையும் பீரோவையும் அடித்துவிட்டு, 20,000 ரூபாய் மேற்கொண்டு கொடுத்தார். கட்டில் மெத்தைக்குப் பிடித்த 11,000 இன்னும் பாக்கி. அதையும் விடுவதாக இல்லை.

சர்க்காரிடம் நம் கோரிக்கைகள் இவை: “வேறு விதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர” என்ற வாலை வெட்டு! அட்வான்ஸுக்குக் கண்டிப்பான உச்சவரம்பு வை! அட்வான்ஸைச் சர்க்கார் பாங்குக் கணக்கில் பூட்டு. வட்டியைக் குடியிருப்போருக்குக் கொடு! கட்டில், மெத்தை, பேன், பீரோவுக்கு ஆயுள் அட்டவணை போட்டுச் சட்டத்தில் சேர்! வாடகை அதிகாரி திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் வாரம் ஒரு நாள் சாயங்காலம் வந்து உட்காரட்டும். ஒரு நாள் கூலியை இழந்து நியாயம் கேட்கும் நிலை ஒழியட்டும்!

தோழர்களே! 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இந்த வடசென்னை மண்ணில். தொழிலாளி ஆலைக்குள் நுழைந்தால்தான் சுரண்டப்படுகிறான் என்று நினைக்காதீர்கள். ஆலையில் வாங்கிய கூலியை வீட்டு வாசலில் வழிப்பறி செய்ய இன்னொருவன் காத்திருக்கிறான். ஆலையில் நமக்குச் சங்கம் இருக்கிறது. தெருவில் இல்லை. தெருவுக்கு ஒரு குடியிருப்போர் சங்கம் கட்டுங்கள். ஆண்கள் ஷிப்டுக்குப் போனாலும் பெண்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களே முன்னால் வரட்டும். கிளாஸ்கோ பெண்கள் செய்ததை எண்ணூர்ப் பெண்கள் செய்யமாட்டார்களா?

தேய்ந்தது கட்டில் மட்டுமல்ல. அந்தக் கட்டிலில் படுத்து எழுந்து ஒன்பது வருஷம் மூட்டை தூக்கிய தொழிலாளியின் முதுகெலும்பும் தேய்ந்திருக்கிறது. அந்தத் தேய்மானத்துக்கு யார் நஷ்டஈடு கொடுத்தார்கள்? அதைக் கேட்கும் நாளும் வரும். அதுவரை, தேய்ந்த கட்டிலுக்கு ஒரு பைசாத் தெண்டம் கட்டமாட்டோம் என்று சொல்லுவோம். ஒருவராகச் சொன்னால் காற்றில் போகும். பத்து அறையும் சேர்ந்து சொன்னால் வீட்டுக்காரர் காதில் விழும். வடசென்னை முழுதும் சேர்ந்து சொன்னால் கோட்டையில் விழும்.

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!